எழுபத்தைந்து கிலோவுக்கு ஒருவர்

வந்து சேர்ந்துவிட்டார் என்று கடிதம் வந்த பிறகும் ஆள் வீடு வந்து சேரவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

கடிதத்தைக் குறை சொல்ல முடியாது. தடித்த தாள். மேலே சிறகு முளைத்த மூட்டை ஒன்றின் படம். கீழே மூன்று கையெழுத்துகள், மூன்றும் வேறு வேறு நிற மையில். "முன்னணி முகாம் மூடப்பட்டதை முன்னிட்டு, அங்கே சமையற்காரராகப் பணியாற்றிய தங்கள் கணவர் விமானச் சுமைப்படையால் பத்திரமாக ஏற்றப்பட்டு, பத்திரமாகக் கொண்டுவரப்பட்டு, பத்திரமாக இறக்கப்பட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தது. மனைவி பதினோரு நாள் பொறுத்துப் பார்த்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள், அப்பன் முகமே பார்த்திராத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கணவனின் அண்ணன் வேலை பார்க்கும் அச்சகத்துக்கே வந்துவிட்டாள்.

"மாமா, வந்து சேர்ந்தவர் எங்க மாமா?"

மாமா என்ன சொல்வார்? அந்த அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்ப்பவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு எல்லோருக்கும் அவர் புரூஃப்காரர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்தார். படிப்பு ஏறவில்லை, சமையல் கைவந்தது. அந்தத் தம்பி என்றால் அவருக்கு உயிர். கடிதத்தை வாங்கி மூன்று முறை படித்தார்.

"ஒரு ஒற்றுப் பிழைகூட இல்லம்மா," என்றார். "இவ்வளவு சுத்தமா எழுதறவங்க பொய் சொல்ல மாட்டாங்க. எங்கயாவது ஆஸ்பத்திரியில வெச்சிருப்பாங்க. நான் விசாரிக்கறேன், நீ வீட்டுக்குப் போ."

பாவம், சுமைப்படையைப் பற்றி அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்துகொள்ளும் பாக்கியம் அந்த வாரமே கிடைத்தது. படைக்கு ஐம்பது வயதாகிறது. பொன்விழாவுக்கு ஒரு வரலாற்று நூல் போடுகிறார்கள். அச்சு வேலை இந்த அச்சகத்துக்கு வந்தது. ரகசியங்கள் நிறைந்த நூல் என்பதால் தாள்கள் படையின் வாசலைத் தாண்டக் கூடாதாம். ஆகவே புரூஃப்காரர் வாசலைத் தாண்டி உள்ளே போனார். போகும்போது அவரை எடை போட்டார்கள். திரும்பும்போதும் போட்டார்கள். கேன்டீனில் சாப்பிட்ட நாட்களில் வித்தியாசத்துக்கு விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

படையின் வரலாறு வீரம் செறிந்தது. நூலே அப்படித்தான் தொடங்குகிறது. முதல் நான்கு வருடம் படையிடம் விமானம் கிடையாது. பதினொரு அதிகாரிகள் இருந்தார்கள், காற்றின் திசை காட்டும் துணிப்பை ஒன்று கம்பத்தில் இருந்தது. அந்தப் பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று அதிகாரிகள் தினமும் குறித்துவைத்தார்கள். அதுதான் முதல் இரண்டு அத்தியாயம். ஐந்தாம் வருடம் ஒரு விமானம் வந்தது. அதன் முதல் பயணத்தில் படை தன் சொந்த அலுவலகத்தையே ஏற்றிக்கொண்டு, ஓடுபாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் இறக்கியது. நாற்காலி ஒன்றுகூட உடையவில்லை என்பதற்காக மூன்று பேருக்குப் பதக்கம். இன்றைக்கு விமானங்கள் மூன்று. ஒன்று பறக்கிறது. அது பறப்பதற்கு வேண்டிய பாகங்களை இரண்டாவது கழற்றிக் கொடுக்கிறது. மூன்றாவது வாசலில் தூண்மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தரையைத் தொடாமல் இருப்பதால் அதையும் பறக்கிற கணக்கிலேயே சேர்த்திருந்தார்கள்.

அமைப்பும் லேசுப்பட்டதல்ல. ஏற்றும் பிரிவு ஏற்றும். இறக்கும் பிரிவு இறக்கும். ஒருவர் வேலையை மற்றவர் தொட்டால் குற்றம். இரண்டுக்கும் நடுவே எடைப் பிரிவு. தவிர விழாப் பிரிவு. விமானம் ஓட்ட நான்கு பேர். வரலாற்றுப் பிரிவில் மட்டும் நூற்றுப்பத்துப் பேர், ஆள் பற்றவில்லை என்று மனு வேறு போட்டிருந்தார்கள். படையின் பெருமையெல்லாம் ஒரே வாக்கியத்தில் அடங்கியிருந்தது. வாசலிலும், கேன்டீன் தட்டுகளின் அடியிலும், நூலின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அது இருந்தது: "இதுவரை ஒருவரையும் விட்டுவந்ததில்லை."

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் புரூஃப்காரருக்கு மூக்கில் வியர்த்தது. முன்னணி முகாமை மூடிய கதை அது. நாற்பத்தொரு பேரை ஒரே நாளில், மூன்றே நடையில் கொண்டுவந்த சாதனை. பக்கத்தின் அடியில் சுமைப் பட்டியல். முதல் நடையில் பதினெட்டுப் பேர். இரண்டாம் நடையில் பதினேழு பேர். எரிபொருள் குறைவால் பாதிச் சுமைகூட ஏற்ற முடியாத மூன்றாம் நடையில், "வரலாற்றுப் பிரிவின் முகாம் ஆவணங்கள், ஒன்பது பெட்டி, நானூற்றைம்பது கிலோ." அதற்கு எதிரே, "ஆறு பேர்."

அவர் விரல்விட்டு எண்ணினார். பிறகு பென்சிலால் எண்ணினார். பிறகு தாளைத் தூக்கிக்கொண்டு எடை அதிகாரியிடம் ஓடினார்.

எடை அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், தண்ணீரின் எடையைக் குறித்துக்கொண்டார்.

"பிழை ஒண்ணும் இல்லையே," என்றார் பட்டியலைப் பார்த்து. "மொத்த எடை மூவாயிரத்து எழுபத்தஞ்சு. ஒரு ஆளுக்கு எழுபத்தஞ்சு. வகுத்துப் பாருங்க. நாற்பத்தொண்ணு. மீதிகூட வரல."

"சார், ஆளை எண்ணிப் பாத்தா முப்பத்தஞ்சுதான் வருது."

"ஆளை எண்ணவே கூடாதுங்க. முன்னால அப்படித்தான் எண்ணிட்டிருந்தோம். ஒரே பேர்ல மூணு பேர் இருப்பான். ஒருத்தன் கக்கூஸ்ல இருப்பான். ஒருத்தன் ரெண்டு தடவை கை தூக்குவான். விடிய விடிய சண்டை. எடையில இந்த ரோதனையே கிடையாது. ஏத்தின எடையும் இறக்கின எடையும் ஒத்துப்போச்சுன்னா எல்லாரும் வந்துட்டாங்கன்னு அர்த்தம்."

"என் தம்பி வரலையே சார். அங்க சமையல்காரன்."

எடை அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றது சரின்னே வெச்சுப்போம். நாளைக்கே போய் அந்த ஆறு பேரையும் ஏத்திட்டு வரோம்னு வெச்சுப்போம். அப்ப மொத்தம் எத்தனை ஆச்சு? நாற்பத்தேழு. முகாம்ல இருந்ததே நாற்பத்தொரு பேர். கூடுதலா ஆறு பேர் எங்க இருந்து வந்தாங்கன்னு மேல கேட்டா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்வேன்? எனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க."

வரலாற்று அதிகாரி இவ்வளவு மென்மையாகப் பேசவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒன்பது பெட்டியை விட்டுட்டு ஆறு பேரை ஏத்தியிருந்தா இந்தப் புத்தகம் எங்க இருந்து வந்திருக்கும்? நாங்க ஒருத்தரையும் விட்டுட்டு வந்ததில்லைங்கறதுக்கு ஆதாரமே அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. அதை விட்டுட்டு வந்தா, விட்டுட்டு வந்ததில்லைன்னு எப்படி நிரூபிக்கறது? எழுத்துப் பிழை பாக்க வந்தவர் எழுத்துப் பிழையைப் பாருங்க."

புரூஃப்காரர் ஏற்றும் பிரிவுக்குப் போனார். இறக்கிவிட்டதாகக் கையெழுத்தான ஆளை மறுபடி ஏற்ற வழியில்லை என்றார்கள். இறக்கும் பிரிவுக்குப் போனார். ஏற்றிக் கொடுத்தால் இறக்கித் தருவதில் தங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்றார்கள்.

கடைசியில் வழி காட்டியது வயர்லெஸ் அறையில் இருந்த அம்மாள். ஆறு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். அந்தத் தைரியம் அவருக்கு இருந்தது. "காலையில பத்து மணிக்கு வாங்க," என்றார். "தினம் அந்த நேரத்துக்கு ஒரு இரைச்சல் வருது. வானிலை இரைச்சல்னு எழுதிவைக்கச் சொல்லியிருக்காங்க. எனக்கென்னமோ ஆள் குரல் மாதிரிதான் இருக்கு."

பத்து மணிக்கு இரைச்சல் வந்தது. இரைச்சல் முதலில் இருமியது. பிறகு, "முகாம்ல இருந்து பேசறேன். ஆறு பேர் இருக்கோம். மாவு கால் வயித்துக்குன்னா ரெண்டு மாசம் வரும். விறகு தீர்ந்துபோச்சு, கட்டிலை ஒடிச்சு எரிக்கறோம். ஓடையில மீன் கொஞ்சம் கிடைக்குது. எப்ப வர்றீங்க?" என்றது.

தம்பியின் குரல்தான். சாப்பிடக் கூப்பிடும் அதே குரல். புரூஃப்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒரு வார்த்தை பேசட்டுமா? அண்ணன் பேசறேன்னு ஒரே ஒரு வார்த்தை."

"பேசற பட்டனைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா," என்றார் அந்த அம்மாள். "இரைச்சலுக்கு யாராவது பதில் சொல்லிடப் போறாங்கன்னு." அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். அழுதுகொண்டே பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, வானிலை இரைச்சல், நடுத்தரம் என்று எழுதினார்.

அதன்பின் தினமும் பத்து மணிக்கு அவர் அந்த அறைக்குப் போய் நின்றார். மாவு குறைந்துகொண்டே வந்தது. மேலிடத்துக்கு ஒன்பது மனு எழுதினார். ஒன்பதுக்கும் ஒரே பதில்தான், "தங்கள் தம்பி ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டார்." வீட்டில் தம்பி மனைவியிடம் உயிரோடு இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் மாதம் இரைச்சல் நின்றது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் வயர்லெஸ் அம்மாள். மறுநாளும் பத்து மணிக்கு இரண்டு பேரும் வயர்லெஸ் முன்னால் வந்து நின்றார்கள்.

இந்தச் சமயத்தில்தான் புரூஃப்காரர் படையின் மானத்தைக் காப்பாற்றினார். தளபதியின் முழுப்பக்கப் படத்துக்குக் கீழே, "கழிவு அகற்றும் ஊர்தி, பழைய மாதிரி" என்ற வரி இடம் மாறி வந்து உட்கார்ந்திருந்தது. வரலாற்றுப் பிரிவின் நூற்றுப்பத்துப் பேரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம் அது. அச்சேறுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அவர் கண்ணில் பட்டது.

தளபதி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். "என்ன வேணுமோ கேளுங்க!"

"என் தம்பி வேணும் சார்."

"நடக்கக்கூடியதைக் கேளுங்க."

புரூஃப்காரர் யோசித்தார். நூலை எங்கே வெளியிடப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். படையின் மகத்தான சாதனை நடந்த இடத்திலேயே, அதாவது ஒருவர்கூட மிச்சமில்லாத அந்த முகாமின் ஓடுபாதையிலேயே வெளியிடுவதாக விழாப் பிரிவு முடிவு செய்திருந்தது. நாற்பத்தொரு பேர் நினைவாக நாற்பத்தொரு விருந்தினர், அவர்கள் ஒரே நடையில் போக வாடகைக்கு ஒரு பெரிய விமானம்.

"விழா விமானத்துல எனக்கு ஒரு சீட்டு சார்."

"தாராளமா," என்றார் தளபதி.

கிளம்பும் அன்று காலை ஒவ்வொரு விருந்தினரையும் தராசில் ஏற்றினார்கள். புரூஃப்காரர் அறுபத்தொரு கிலோ. ஐம்பது மடக்கு நாற்காலி, சிவப்புக் கம்பளம், ஒலிபெருக்கி, மேடை, தேநீர்ப் பாத்திரம், எல்லாம் ஏறின. போன எடை அப்படியே திரும்ப வேண்டும் என்று எடை அதிகாரி அறிவித்தார். குடிக்கிற தேநீர் எப்படியும் வயிற்றில்தான் திரும்பி வரும், அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் சொன்னார்.

மூன்று மணி நேரப் பயணம். விமானம் இறங்கி நின்றபோது ஓடுபாதையின் ஓரத்தில் ஐந்து பேர் வரிசையாக நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தாடி மார்புவரை இருந்தது. உடம்பில் கம்பளியைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

"விழாப் பிரிவு பிரமாதப்படுத்திட்டாங்க!" என்றார் ஒரு பெரிய மனிதர், ஒருவனின் கிழிந்த கோட்டைத் தொட்டுப் பார்த்து. "அசல் மாதிரியே இருக்கு."

புரூஃப்காரர் வரிசையின் கடைசிக்கு ஓடினார். கடைசியில் நின்றவனைக் கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கட்டிப்பிடித்தபோது கைக்குள் எலும்புதான் அகப்பட்டது.

"அண்ணா," என்றான் தம்பி. "வந்துட்டியா? சாப்டியா?"

அந்தக் கேள்வியைக் கேட்டு அவர் குழந்தைபோல அழுதார். யாரும் கவனிக்கவில்லை. தளபதி பேசத் தொடங்கியிருந்தார்.

"என் கண் முன்னால விரிஞ்சு கிடக்கற இந்த வெறுமையைப் பாருங்க!" என்றார் தளபதி, ஐந்து பேரையும் பார்த்தபடியே. "இந்த வெறுமைதான் நம்ம படையோட வெற்றி. ஒரு மனுஷன்கூட இங்க இல்ல. இருக்கான்னு யாராவது சொன்னா, அவன் நம்ம ஐம்பது வருஷ உழைப்பைக் கேவலப்படுத்தறான். ஆட்கள் வருவாங்க, போவாங்க. கணக்கு நிக்கணும். கணக்கு நின்னாத்தான் படை நிக்கும். படை நின்னாத்தான், மறுபடி ஒருநாள், இதே மாதிரி ஒரு இடத்துக்கு நாம ஆட்களை அனுப்ப முடியும்!"

பலத்த கைதட்டல். ஐந்து பேரும்கூடத் தட்டினார்கள், பழக்கம் விடவில்லை.

புரூஃப்காரர் எடை அதிகாரியை விமானத்தின் இறக்கைக்கு அடியில் பிடித்துக்கொண்டார். "பாத்துட்டீங்க இல்ல? இப்பவாவது ஏத்துங்க சார்."

"ஆறு பேர் இருக்கறதா சொன்னீங்க. அஞ்சு பேர்தானே நிக்கறாங்க?" என்றார் எடை அதிகாரி. "பாருங்க, உங்க கணக்கே தப்பு."

தம்பி ஓடுபாதையின் மறுபுறம் கையைக் காட்டினான். அங்கே ஆள் நீளத்துக்குக் கல் குவித்திருந்தது. எடை அதிகாரி அதைப் பார்த்தார், தொப்பியை எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாற்காலிங்களை விட்டுட்டுப் போங்க சார். ஐம்பது நாற்காலி. அந்த எடைக்கு அஞ்சு பேரையும் ஏத்திடலாம்."

"ஒரு நாற்காலி குறைஞ்சா விசாரணைக் கமிஷன் வெச்சிடுவாங்க."

"மனுஷன் குறைஞ்சா விசாரணை இல்லையா?"

"மனுஷன் ஸ்டாக்ல இல்லையே," என்றார் எடை அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை. விளக்கமாகத்தான் சொன்னார்.

புரூஃப்காரர் விருந்தினர்களிடம் போய்க் கேட்டார். நடிகர்களுக்கு வேறு வண்டி வருமே என்றார்கள். ஒருவர் மட்டும் விஷயம் புரிந்து முகம் வெளுத்து, பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். இறக்கை விசிறி சுற்றத் தொடங்கியது. நாற்பது பேர் உட்கார்ந்தாகிவிட்டது. காலியாக இருந்தது புரூஃப்காரரின் சீட்டு ஒன்றுதான்.

அவர் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயம் வந்திருக்கும். எடை அதிகாரியிடம், "என் சீட்டுல உக்காரற ஆளோட பேர் வேணுமா உங்களுக்கு, எடை வேணுமா?" என்று கேட்டார்.

"எடைதான்," என்றார் அவர். பேர் பார்ப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது.

"அண்ணா, வேண்டாம்," என்றான் தம்பி. "நான் பழகிட்டேன். நீ போ."

"வீட்ல பதினாறு மாசக் குழந்தை ஒண்ணு அப்பா அப்பான்னு என்னைப் பாத்துச் சொல்லுது. கேக்க நல்லாவா இருக்கு? ஏறு."

"அண்ணா..."

"ஏறுடா!" வாழ்நாளில் முதல்முறையாகத் தம்பியை அவர் அதட்டினார்.

தம்பியைத் தராசில் நிறுத்தினார்கள். நாற்பத்து நான்கு கிலோ. எடை அதிகாரி உச்சுக்கொட்டினார். பதினேழு கிலோ இடிக்கிறது. இப்படியே ஏற்ற முடியாது. சாக்கு ஒன்றைக் கொடுத்து, கல் பொறுக்கிப் போடச் சொன்னார். உதவியாள் ஒருவன் மறுபுறம் இருந்த குவியலை நோக்கி நடந்தான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "அதுல எடுக்காதீங்க!" அவன் திரும்பி வந்து ஓடுபாதையின் ஓரத்திலிருந்து பொறுக்கினான். தம்பி கற்சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் சீட்டில் உட்கார்ந்து போனான். ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. சாக்கு கனத்ததால் கையைத் தூக்கி ஆட்ட முடியவில்லை.

விமானம் மறைந்தது. சிவப்புக் கம்பளம் கிடந்த இடத்தில் புல் மடிந்திருந்தது. வரிசையில் முதலில் நின்ற மூத்த சிப்பாய்தான் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அடுத்த விமானம் எப்பன்னு ஏதாவது சொன்னாங்களா தம்பி?"

புரூஃப்காரருக்குத் தெரியும். நூலின் கடைசிப் பக்கத்தில் வருங்காலத் திட்டங்கள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அவரே திருத்திக் கொடுத்த பக்கம்.

"வைர விழாவுக்கு," என்றார். "பத்து வருஷம்."

மூத்த சிப்பாய் தலையாட்டினார். கோபப்படவில்லை. விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"நேத்து அஞ்சு பேர். இன்னைக்கும் அஞ்சு பேர்தான். மீனு அவ்வளவுதான் வரும்." பிறகு புரூஃப்காரரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க எடை எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு."

"கவலைப்படாதீங்க," என்றார் அவர், முழங்காலில் தட்டிக் கொடுத்து. "மூணு மாசத்துல குறைஞ்சிடும்."